பெயர் வெட்டிய தட்டு

நெய்வேலி மண்ணுக்கு அடியில் எவ்வளவு கரி இருக்கிறது என்று கணக்குச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் ‘முடியாது ஐயா’ தன் வாழ்நாளில் எத்தனை தடவை ‘முடியாது’ என்று சொல்லியிருப்பார் என்று கணக்குச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் கிடையாது. கோயில் நன்கொடை கேட்டு வந்தால் முடியாது. மாதா கோயில் தேருக்குக் கேட்டு வந்தாலும் முடியாது. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், கிளாஸுக்குக் கையை நீட்டிக்கொண்டே முடியாது என்பார். ஒரு தடவை பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். இவர் முடியாது என்றார். அதைச் சொல்லத் திறந்த வாய்க்குள் டாக்டர் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருடா வருடம் அவருடைய வரிக்கணக்கைத் தாக்கல் செய்கிறவன் என்பதால் அது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தபால்காரரே ‘முடியாது ஐயா ஷெட்’ என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார். ஐயாவிடமே இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். என்ன பதில் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் எல்லோரும் தைரியமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நகரியத்தைத் தாண்டி வடலூர் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட ஷெட்டுகள் வரிசையாக இருக்கும். அதில் நடுவில் இருப்பது அவருடையது. சுரங்கத்திலிருந்து கரியைச் சுமந்துகொண்டு வரும் நீள நீளமான பெல்ட்டுகளுக்கு அடியில் இரும்பு உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா, அந்த ரோலர்களைச் செய்கிற இடம். இரண்டு லேத், ஒரு வெல்டிங் மிஷின், கிரைண்டர்கள், பத்துப் பன்னிரண்டு ஆட்கள். தானும் ஒரு காலத்தில் ஃபிட்டராக இருந்தவர் என்பதால் முதலாளி என்கிற கெத்து அவருக்குக் கடைசி வரை ஒட்டவே இல்லை. அழுக்கு லுங்கியும் காதில் செருகிய பென்சிலுமாக நிற்பார். புதிதாக வருகிறவர்கள் அவரிடமே போய், “முதலாளி இல்லீங்களா?” என்று கேட்பார்கள். அவரும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “காணலயே” என்பார்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மதியச் சாப்பாடு எல்லோருக்கும் அங்கேயே சமையல். ஒருவரை வேலைக்கு எடுப்பது என்று முடிவாகிவிட்டால், ஐயா வடலூர் பாத்திரக் கடைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, அதன் விளிம்பில் அந்த ஆளின் பெயரை வெட்டச் சொல்லிக் கொண்டுவருவார். சீர்வரிசைப் பாத்திரத்தில் டிர்ர்ரென்று மிஷின் வைத்துப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்களே, அதேதான். சமையலறைச் சுவரில் ஒரு ஆணி அடித்து அந்தத் தட்டை மாட்டிவிட்டால் ஆளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்று ஒரு காகிதத்தை நான் பிறகு தட்டச்சு செய்து கொடுப்பேன். அதை யாரும் மதித்ததில்லை.

“காயிதத்த கிழிச்சிப் போட்டுடலாம் தம்பி. தட்ட கிழிக்க முடியுமா?” என்பார்.

பெயர் வெட்டிய தட்டை அவர் ஒரு நாளும் இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை. துபாய்க்குப் போன வெல்டரின் தட்டு சுவரிலேயே இருந்தது. லீவில் வரும்போதெல்லாம் அவன் ஒரு நாள் இங்கே வந்து அதில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். இறந்துபோன வாட்ச்மேனின் தட்டும் துலக்கித் துலக்கி அங்கேயே மாட்டப்பட்டிருந்தது. இதனால் ஐயாவுக்கு ஆள் எடுப்பது என்பது பெண் எடுப்பதைவிடப் பெரிய காரியமாகிவிட்டது. மாதக் கணக்கில் யோசிப்பார். எடுத்தபின் அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் அவருக்குத் தட்டு கிடையாது. அன்றைக்கு யார் லீவோ அவர்கள் தட்டில் சாப்பிடுவார். யாரும் லீவில்லை என்றால் குழம்புச் சட்டியின் மூடியில் சோற்றைப் போட்டுக்கொள்வார். உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன ஐயா என்று ஒரு தடவை கேட்டேன்.

“அது வேலைக்கு எடுத்தவங்களுக்கு. என்ன யாரு எடுத்தது?” என்றார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் அரசாங்கத்தின் வரிச் சலுகையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நான் ஆடிட்டர் இல்லை. கணக்கெழுதி, வரி கட்டிக்கொடுக்கிற ஆள். கையெழுத்துப் போடும் உண்மையான ஆடிட்டர் கடலூரில் இருக்கிறார். ஆனால் நெய்வேலியில் கால்குலேட்டர் வைத்திருக்கிற எவனும் ஆடிட்டர்தான். புதிதாக ஆள் எடுக்கும் முதலாளிகளுக்கு, அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை மூன்று வருடத்துக்கு வருமானத்தில் கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டைப் படித்த நாள் முதல் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சுற்றிலும் டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் முடித்துவிட்டு டீக்கடையில் பேப்பர் படிக்கிற பிள்ளைகள். இங்கே சலுகை, அங்கே ஆள். நடுவில் நான் ஒருவன் நின்று பேசினால் போதாதா என்று நினைத்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கினேன்.

பக்கத்து ஷெட்காரர் நான் பேசி முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். வேகமான மனிதர். ஒரே மாதத்தில் புது ஆட்களை வரிசையாக நிறுத்தி, மாலை போட்டுப் படம்கூட எடுத்தார். ஐயாவோ பொறுமையாக முழுவதையும் கேட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எழுதப் போகிறார் என்று நினைத்தேன். முதுகைச் சொறிந்துகொண்டார்.

“இந்தச் சலுகை எதுல வரும்?”

“நீங்க கட்டற வரியில கொறையும் ஐயா.”

“வரி எப்ப கட்டுவேன்?”

“லாபம் வந்தா.”

“லாபம் எப்ப வரும்?”

“ஆர்டர் இருந்தா.”

“ஆர்டர் இருந்தா நானே ஆளு எடுத்துக்கினு இருப்பேனே தம்பி. அதுக்கு எதுக்கு அவங்க காசு தரணும்?”

எனக்கு இதற்கு ஒரு பதில் தெரியும். ஆர்டர் கொஞ்சம் இருக்கிறது, எடுக்கலாமா வேண்டாமா என்று முதலாளி தயங்கி நிற்கிற நேரத்தில் இந்தச் சலுகை லேசாகத் தள்ளிவிடும் என்று படித்திருந்தேன். அதைச் சொன்னேன். தன்னைத் தள்ளிவிட்டால் எங்கே போய் விழுவார் என்று அந்தச் சட்டத்தில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். போடவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு லேத்துக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் வெறும் பேச்சாகவே போயிருக்கும், ஸ்டெல்லா இல்லாவிட்டால்.

என் மனைவியின் சுரங்க ஆபீஸ் வேலைக்குக் கிடைத்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர் வீட்டில் இருந்தவர் ஆரோக்கியம். சுரங்கத்தில் மெக்கானிக். அவருடைய மகள்தான் ஸ்டெல்லா. டர்னர் படித்து, அப்ரண்டிஸும் முடித்த பெண். லேத்தில் இரும்பைக் கடைவதற்கென்றே பிறந்தவள் என்று ஆரோக்கியம் சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் அப்ரண்டிஸ் முடித்துப் பல வருடம் ஆகியும் நிலையான வேலை என்று ஒன்று அமையவில்லை. ஒரு இடத்தில் மூன்று மாதம், இன்னொரு இடத்தில் ஆறு மாதம் என்று கான்ட்ராக்டில் போய்விட்டுத் திரும்பி வருவாள். கல்யாணப் பேச்சும் வந்து வந்து போனது. முப்பதைத் தாண்டிவிட்டாள்.

அந்த வருடம் ஆரோக்கியம் ரிடையர் ஆனார். நெய்வேலியில் ரிடையர்மென்ட் என்றால் வேலை மட்டும் போவதில்லை, குவார்ட்டர்ஸும் போகும். பிறந்ததிலிருந்து அந்தப் பெண் பார்த்த முருங்கை மரம், மதில், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் சாவியோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவருக்குச் சொந்த வீடு கிடையாது. திருப்பூரிலிருந்த மகன் இரண்டு பேரையும் அங்கே வரச் சொன்னான். ஸ்டெல்லாவுக்கு பனியன் கம்பெனியில் மடித்து அடுக்குகிற வேலை சொல்லிவைத்திருந்தான். வடலூரில் வாடகைக்கு இருக்கலாம் என்றால் அவளுக்கு இங்கே ஒரு வேலை வேண்டும். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் வேண்டும்.

“பனியன் மடிக்கறது தப்பான வேலை இல்ல அங்கிள். ஆனா அங்க போயிட்டா இனிமே லேத்துப் பக்கம் வரவே மாட்டேன். அது எனக்குத் தெரியும்” என்றாள். அழவில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் கெட்டது.

ஐயாவிடம் அழைத்துப் போனேன். அவர் பேசாமல் ஒரு தண்டை எடுத்து லேத்தில் மாட்டிக் கொடுத்தார். அவள் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு கடைந்தாள். ஐயா அளவு பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, “நல்லா பண்றம்மா. ஆனா முடியாது” என்றார்.

அவர் சொல்லும் முடியாதுகளில் தரம் பிரிக்க எங்களுக்குத் தெரியும். டீக்கு ஒன்று, நன்கொடைக்கு ஒன்று. இது அந்த ரகம் இல்லை. குரலில் அசல் வருத்தம் இருந்தது. சுவரில் இருக்கிற தட்டுகளுக்குத்தான் சோறு வருகிற அளவுக்கு வேலை இருக்கிறது, இன்னொன்றை மாட்டிவிட்டு நாளைக்கு அதைக் கழற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்றார். சலுகையை மறுபடி எடுத்து விட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பா, இல்லையா என்று என் மனைவிக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு.

ஒரு கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்க வடலூர் பாத்திரக் கடைக்குப் போனேன். அங்கே பெயர் வெட்டுகிறவருக்கும் எனக்கும் நல்ல பழக்கம். விளக்கில் என் பெயரை வெட்டிக்கொண்டே, ஐயா ஷெட்டில் என்ன விசேஷம், தட்டு வாங்க ஆளே வருவதில்லையே என்று கேட்டார். ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறோம், டர்னர், ஸ்டெல்லா என்று பெயர், ஐயா முடியாது என்றுதான் சொல்கிறார் என்றேன். அவர் சிரித்தார். “முடியாதுன்னுட்டாரா? அப்ப முடிஞ்ச மாரிதான்” என்றார். நானும் சிரித்துவிட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஷெட்டுக்குக் காய்கறி கொண்டுபோகிற வண்டியில், அந்தப் பெயர் வெட்டுகிறவர் அனுப்பிய ஒரு தட்டும் போய் இறங்கியிருக்கிறது. விளிம்பில் ‘ஸ்டெல்லா’. சமையல்கார அம்மா வழக்கப்படி அதைத் துலக்கி, வழக்கப்படி ஆணி அடித்து மாட்டிவிட்டார். மதியம் சாப்பிட வந்த ஐயா அதைப் பார்த்தார். எனக்கு ஃபோன் வந்தது.

நான் போனபோது அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் எல்லோரும் கையில் சோற்றோடு நின்றார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை.

“பேர வெட்டிட்டாங்களே தம்பி” என்றார்.

கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். பெயர் வெட்டிய பாத்திரத்தை எந்தக் கடையில் திருப்பி எடுப்பார்கள்? அவர் விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருந்தார். இதை அழிக்க முடியாது என்றார். அந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஒரு இரும்புப் பட்டறை. சுற்றிலும் கிரைண்டர்கள். நான்கு எழுத்தை இழைத்து எடுக்க அங்கே இருந்தவர்களில் யாருக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. அது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் தட்டையே பார்த்தார்கள்.

ஐயா எழுந்துபோய் தட்டை ஆணியில் மாட்டினார். “அந்தப் பொண்ண நாளைக்கு வரச் சொல்லு” என்றார். பிறகு துபாய் வெல்டரின் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

ஆரோக்கியம் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வடலூரில் ஒரு மாடி வீட்டுக்குப் போனார். பெட்டி படுக்கை ஏற்றிய வண்டியில் ஸ்டெல்லா ஏறவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளில் ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

சில மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஆர்டர் குறைந்தது. எங்கோ பெரிய பெரிய ஆட்கள் எடுத்த முடிவு. எங்கள் சாலையில் லேத் சத்தம் அடங்கியது. பக்கத்து ஷெட்காரர் மாலை போட்டு எடுத்தவர்களை ஒவ்வொருவராக அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. சலுகை இருக்கிறது என்று எடுத்தார். வேலை இல்லை என்று அனுப்பினார். இரண்டும் சட்டப்படி சரி. அந்தப் பையன்கள் கையில் டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு நடந்து போவதை நான் பார்த்தேன். நான் ஸ்கூட்டரில் ஏறிப் பேசிய பேச்சில் உள்ளே வந்தவர்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஐயாவின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். லாபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. லாபம் இல்லையென்றால் வரி இல்லை. வரி இல்லையென்றால் அதில் குறைக்கவும் ஒன்றுமில்லை. சலுகை என்ன ஆயிற்று தம்பி என்று அவர் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். பசி இல்லாதவனுக்குத்தான் பந்தி வைப்பார்களா என்று கேட்டார். அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அன்று மாலை ஷெட்டில் எல்லோரும் இருக்கும்போதே ஸ்டெல்லா தன் தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன்.

“கடைசியா வந்தது நான்தாங்க ஐயா. நான் போயிட்டா மத்தவங்களுக்கு ஓடும். தட்ட மட்டும் எடுத்துக்கினு போறேன். அதுல நீங்க வேற யாருக்கும் போட மாட்டீங்க.”

ஐயா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டை வாங்கினார்.

“முடியாது” என்றார். “நான் உன்ன எடுக்கும்போது உங்கிட்ட கேட்டேனா? தட்டு வந்துச்சு, எடுத்தேன். இப்ப நீ மட்டும் எப்படி நீயா போவ?”

இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது போலிருக்கிறது. திரும்பிப் போய் லேத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை ஐயா தன் டி.வி.எஸ். வண்டியில் நெல்லிக்குப்பம் பக்கம் கிளம்பிவிட்டார். கரும்பு விளைகிற ஊர். வழியெல்லாம் கரும்பு ஜூஸ் வண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் நிறுத்தி, உன் மிஷின் உருளை தேய்ந்திருக்கிறதா, பல்லு போயிருக்கிறதா, கழற்றிக் கொடு, கடைந்து தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். சுரங்கத்து பெல்ட்டுக்கு ரோலர் செய்த மனிதர், பஸ் ஸ்டாண்டு ஜூஸ் மிஷினுக்கு உருளை சாணை பிடிக்க அலைந்தார். வண்டிக்காரர்கள் கொடுத்த ஜூஸைக் குடித்துக் குடித்து அவருக்குச் சர்க்கரை ஏறி, டாக்டர் இனி ஜூஸ் கூடாது என்று சொல்ல, முதல் தடவையாக ‘சரி’ என்று சொன்னார். டாக்டர் பயந்துபோய் இன்னொரு தடவை பிரஷர் பார்த்ததாகக் கேள்வி.

அந்த உருளைகளை எல்லாம் கடைந்தது ஸ்டெல்லாதான். ஷெட் முழுக்க ஈ மொய்க்கும். இரும்பு வாடை போய் வெல்ல வாடை வந்துவிட்டது. எல்லோருக்கும் அரைச் சம்பளம்தான் கிடைத்தது. ஆனால் மதியச் சோறு முழுதாகக் கிடைத்தது. சுவரிலிருந்து ஒரு தட்டும் இறங்கவில்லை. அப்படியே இழுத்துப் பிடித்து அந்தக் காலத்தைக் கடந்தார்கள்.

பிறகு ஆர்டர் மெல்லத் திரும்பியது. மூன்றாவது வருடக் கணக்கில் லாபம் வந்தது, வரி வந்தது, ஸ்டெல்லாவின் பெயரில் சலுகையும் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் எனக்கு வெற்றி. ஸ்வீட் பாக்ஸோடு போனேன்.

ஐயாவின் முகம் மலரவில்லை. இது எதற்காக என்று கேட்டார். ஸ்டெல்லாவை எடுத்ததற்காக என்றேன். தான் அவளை எடுத்தது தட்டு வந்ததால்தானே, சலுகைக்காக இல்லையே, அது அரசாங்கத்துக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் எழுதிப் போட்டுவிடலாமே என்றார்.

“ஐயா, நீங்க ஏன் ஆள் எடுத்தீங்கன்னு சட்டம் கேக்காது. எடுத்தீங்களான்னுதான் கேக்கும்.”

“அப்ப நான் எப்படியும் எடுத்திருக்கப்போற ஆளுக்குக்கூடக் காசு குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க.”

“பாவம்” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அரசாங்கத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு வாரம் அவர் அந்தச் சலுகையோடு படாத பாடு பட்டார். வாங்காத கடனுக்குச் சீட்டு வந்தவர் மாதிரி உலாவினார். பிறகு வடலூருக்குப் போய் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதில் ‘முருகவேல்’ என்று இருந்தது. பக்கத்து ஷெட்டிலிருந்து டிபன் பாக்ஸோடு போனவர்களில் ஒருவன். கிரைண்டிங் தெரிந்தவன், பக்கத்துக் கிராமம், இரண்டு குழந்தைகள். எடுக்கலாமா வேண்டாமா என்று மாதக் கணக்கில் மனதில் வைத்திருந்தாராம். இந்தப் பணம் வந்ததும் சரி என்று துணிந்துவிட்டார்.

“ஸ்டெல்லாவ நான் எடுத்தேன். இவன அவங்க எடுத்தாங்க. கணக்கு சரியாப்போச்சு” என்றார். அன்றிலிருந்து முருகவேலுக்கு ஷெட்டில் ‘கவர்மென்ட்டு’ என்று பெயர். நெய்வேலியில் எத்தனையோ பேர் தவம் கிடந்து கிடைக்காத பட்டம் அவனுக்குச் சும்மா கிடைத்தது. அவன் மாமியார் வீட்டில் அதை இன்னும் யாரும் திருத்தவில்லை என்று கேள்வி.

ஆக, வரிச் சலுகை கொடுத்தால் முதலாளிகள் ஆள் எடுப்பார்களா என்று யாராவது என்னைக் கேட்டால், நான் பழைய மாதிரி ஸ்கூட்டரை எடுப்பதில்லை. எடுக்கலாம், எடுக்க மனசு வைத்துத் தயங்கி நிற்கிறவர் எடுப்பார் என்று சொல்கிறேன். எடுத்த ஆளைக் கெட்ட காலத்திலும் வைத்துக்கொள்வாரா என்பதற்கு என்னிடம் இருக்கிற புத்தகங்களில் பதில் இல்லை. அதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

போன வருடம் ஐயாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. பார்வையும் மங்கிவிட்டது. சென்னையிலிருந்து மகள் வந்து இருந்தாள். ஷெட்டின் பொறுப்பை மருமகனுக்கு எழுதிக் கொடுத்து, வேலையை ஸ்டெல்லா மேற்பார்வை பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்தக் காகிதங்களை எல்லாம் நான்தான் தயார் செய்தேன். ஐயா இனிமேல் ஷெட்டுக்கு வர வேண்டாம், சென்னையில் வந்து இருக்கட்டும் என்று மகள் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எல்லோரும் அவர் வழக்கமாகச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை எதிர்பார்த்து அவர் வாயையே பார்த்தோம். அவர் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். ஆரோக்கியம் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்ததோ, ஐயாவின் முகமும் அப்படி இருந்தது.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முன்னால் மதியச் சாப்பாட்டுக்கு ஷெட்டுக்கு வந்தார். சுவரருகே போய், இன்றைக்கு யார் லீவு என்று கேட்டார். யாரும் லீவில்லை என்றார்கள். சரி, மூடியை எடுங்கள் என்றார். ஸ்டெல்லா ஆணியிலிருந்து ஒரு தட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தெரியவில்லை. விரலால் விளிம்பைத் தடவினார். ‘முடியாது ஐயா’ என்று வெட்டியிருந்தது.

“யாரு வெட்டச் சொன்னது?” என்றார்.

“நான்தாங்க. உங்ககிட்ட கேக்கல” என்றாள் ஸ்டெல்லா. “உங்கள வேலைக்கு எடுத்தாச்சு. தட்டு வந்துடுச்சு, இனிமே நீங்களா போவ முடியாது.”

அவர் அந்தப் புள்ளிகளை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். அவர் மகள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை வண்டியிலிருந்து இறக்கச் சொன்னதும் அவள்தான்.

இப்போது தினமும் வருகிறார். லேத்துப் பக்கத்தில் ஒரு நாற்காலி. கடைந்த தண்டைத் தடவிப் பார்த்து நன்றாயில்லை என்பதுதான் அவருடைய வேலை. மதியமானால் தன் தட்டில் சாப்பிடுகிறார். சாப்பிட்டதும் தானே கழுவி, ஆணியைத் தடவித் தேடி மாட்டுகிறார். கண் தெரியாதவருக்கு ஏன் இந்த வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. மாட்டும் வரைக்கும் எல்லோரும் காத்து நிற்போம்.

அந்த ஷெட்டில் அவரோடு சேர்த்து ஒரு ஆள் கூடியிருக்கிறது. அந்த ஒரு நியமனத்தை மட்டும் நான் எந்தக் கணக்கிலும் காட்டவில்லை. அதற்கு யாரிடமும் எந்தச் சலுகையும் கேட்கவும் எனக்கு மனசு வரவில்லை.